கரும்பலகையில் ஒரு மணி நேரம்

ஜூலை 30, ஞாயிறு

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் படித்துவிட்டு, எங்கே எடுத்தீர்களோ அங்கேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். அம்மா இந்த விடுமுறைக் கிராமத்தின் மேலாளர். விருந்தினர்களைப் பற்றி நான் எழுதுவதைப் படித்தால், பள்ளி திறக்கும் வரை என்னை உருளைக்கிழங்கு உரிக்க உட்காரவைத்துவிடுவாள்.

நேற்று சனிக்கிழமை. சனி என்றால் மாற்று நாள். காலை பத்துக்குள் பழைய குடும்பங்கள் கிளம்பிவிட வேண்டும். மாலை நான்குக்குப் புதியவர்கள் வந்துவிடுவார்கள். நடுவில் ஆறு மணி நேரம், முப்பத்தாறு வீடுகள். எனக்கு ஆறு வீட்டுத் தலையணை உறைகள். பன்னிரண்டாம் எண் வீட்டில் யாரோ கட்டிலுக்கடியில் ஒரு முழுப் பாலாடைக்கட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இன்று வரவேற்பு விருந்து. சோளக் காட்டு ஓரமாக நீள மேசைகள், ஆப்பிள் சிடர், உப்பு வெண்ணெய் பிஸ்கட். அம்மா வாரா வாரம் சொல்லும் அதே பேச்சு. “கடல் இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர். மழை அதைவிடப் பக்கம்.” எல்லோரும் சிரித்தார்கள். புதியவர்கள் எப்போதும் சிரிப்பார்கள்.

பதினான்காம் எண்ணுக்கு வந்திருப்பது முசியே வெர்மெர்ஷ் குடும்பம். வடக்கிலிருந்து. அவருக்கு ரயில்வே சிக்னல் அறையில் வேலை. வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ரொட்டி வண்டி எத்தனை மணிக்குப் பாப்பா?”

“எட்டுக்கு, முசியே.”

“எட்டுன்னா எட்டா, இல்ல உங்க ஊர் எட்டா?”

அவர் மனைவி அவர் கையில் ஒரு தட்டு தட்டி, “இவர் லீவுலகூட ரயில் விடுவாரும்மா, கண்டுக்காதே” என்றார். அவர்கள் மகள் பெயர் ஆகத், ஆறு வயது. மேசைக்கடியில் உட்கார்ந்து பிஸ்கட்டின் வெண்ணெயை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மன்றத்துக்கு இந்த வருஷம் தூனியா. கடலே இல்லாத ரூபே நகரத்துக்காரி, இருபது வயது. இங்கே ஆறு வாரப் பயிற்சியை முடித்து அம்மாவின் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் செப்டம்பரில் ஊர்ப் பள்ளியில் வேலை. முதல் நாள் கடற்கரைக்குப் போய், “எங்க போச்சு?” என்று கேட்டாள். நீர் வற்றிக் கிடந்த நேரம். சமையலறையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாஸ்தா பாத்திரத்தில் தண்ணீர் குறைந்தால்கூட, “எங்க போச்சு?”

அப்புறம், முக்கியமான விஷயம். இந்தக் கோடையிலிருந்து கரும்பலகை என்னுடையது. வரவேற்பறை வாசலில் தொங்கும் பலகை. வானிலை, கடல் வற்றும் நேரம், மாலை நிகழ்ச்சி. போன வருஷம் வரை அப்பா எழுதினார். எனக்குப் பதின்மூன்று ஆனதும் சாக்குக்கட்டியைக் கொடுத்துவிட்டார். அப்பாதான் இங்கே பழுது பார்ப்பவர். அவர் எதையும் பழுதாக்கக்கூடியவர்களிடம் கொடுக்க மாட்டார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கடல் ஏறி வற்றும் நேரங்கள் இருக்கும் ஓதப் புத்தகம் துடைப்ப வாளியில் விழுந்துவிட்டது. துறைமுகக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. எல்லாப் பக்கங்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன. நல்ல வேளை, மருந்துக்கடையில் கொடுத்த புத்தகம் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாளைக்குப் பெரிய வற்று. ஆட்டுத் தீவுக்கு நடந்தே போகலாம். தூனியா மன்றத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போகப்போகிறாள்.

ஆகஸ்ட் 2, புதன்

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

எழுதிவிடுகிறேன். எங்காவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

துறைமுகக் கடைப் புத்தகத்தில் இருப்பது குளிர்கால நேரம். கோடையில் இங்கே கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் அதோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. நேற்றுக் காலை மருந்துக்கடைப் புத்தகத்தைத் திறந்தேன். பன்னிரண்டு நாற்பது என்று இருந்தது. யோசிக்கவே இல்லை. ஒன்றைக் கூட்டினேன். பலகையில் எழுதினேன்: கடல் வற்றும் நேரம் 1.40. அழகான எழுத்தில். பக்கத்தில் ஒரு நண்டுகூட வரைந்தேன்.

மருந்துக்கடைக்காரர்கள் ஏற்கெனவே கூட்டியிருந்தார்கள். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறது.

தீவுக்குப் போகும் மணல் பாதை, வற்றுக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும்தான் திறந்திருக்கும். பலகையை நம்பித் தூனியா பன்னிரண்டே முக்காலுக்குப் பிள்ளைகளைப் பாதையில் இறக்கினாள். ஒன்பது பிள்ளைகள், கூட நான்கு பெற்றோர். தீவில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள், பாறைக் குழிகளில் இறால் தேடினார்கள். இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்குத் திரும்பிப் பார்த்தால் பாதை இல்லை. நடந்து பார்த்தார்கள். முழங்கால். பிறகு இடுப்பு. தூனியா ஆகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரையும் தீவுக்கே திருப்பிவிட்டாள். திரும்பும்போது மதாம் வெர்மெர்ஷ் பாசியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. மீட்புப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும்போது மூன்றே முக்கால்.

தொலைபேசி வந்ததும் அம்மா காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்பா சைக்கிளில். சமையலறையில் இருந்தவர்கள் ஏப்ரனோடு ஓடினார்கள். வரவேற்பறையில் நான் மட்டும். எப்படி நடந்தது என்று புரியாமல் புத்தகத்தைத் திறந்தேன். அப்போதுதான் அந்த எறும்பு எழுத்தைப் பார்த்தேன்.

வெளியே போய்ப் பலகையைத் துடைத்தேன். கையால் இல்லை, சட்டைக் கையால். நண்டையும் சேர்த்து.

ஏன் துடைத்தேன்? யோசித்துத் துடைக்கவில்லை. ஆனால் துடைத்தபின் யோசித்தேன், அப்போதும் திரும்ப எழுதவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

அம்மா கேட்டாள். சமையலறையில், எல்லோர் முன்னாலும்.

“எனோரா, புதன்கிழமை பலகையில என்ன நேரம் எழுதின?”

“பன்னெண்டு நாப்பது.”

அவ்வளவுதான். இரண்டு சொல். சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

“ஏன் துடைச்ச?”

“ராத்திரி நிகழ்ச்சி எழுதறதுக்கு.”

தூனியா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். “இல்ல மதாம், ஒன்னு நாப்பதுன்னுதான் இருந்தது. நான் பாத்தேன்.”

“நான் பாக்கலையே, நீதானே பாத்திருக்க. கூட வந்தவங்களும் பலகையைப் பாக்காம உன்னை நம்பித்தான் வந்தாங்க” என்றாள் அம்மா. கோபமாக இல்லை, களைப்பாக.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். கையில் தண்ணீர்க் குழாய் திருகும் ஸ்பேனர். “என் பொண்ணு ஓதத்தைத் தப்பா எழுத மாட்டா” என்றார். “நான் சொல்லிக் குடுத்தது.”

சமையல்காரர் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “கடலைப் பாத்து எங்க போச்சுன்னு கேட்ட பொண்ணுதானே.” யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

மாற்று நாள். ஒரு வாரத்துக்கு மட்டும் வந்த பாதிக் குடும்பங்கள் போய்விட்டன. பேச்சு போகவில்லை. நான்கு மணிக்கு வந்தவர்கள் ஆறு மணிக்கு என்னிடமே கேட்கிறார்கள்: “அந்தத் தீவுல மாட்டிக்கிட்ட கதை உண்மையா?”

பதினான்காம் எண்ணுக்குப் புது விரிப்புகள் கொண்டுபோனேன். மதாம் வெர்மெர்ஷ் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் ஈரத்துணியில் ஆகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆகத் குளியலறைக்குள் போக மாட்டேன் என்கிறாளாம். குழாயைத் திறந்தாலே கட்டிலில் ஏறிக்கொள்கிறாள். புல்லில் பனி இருந்தால் செருப்போடுகூட இறங்குவதில்லை.

“கடல் என்னைத் தொரத்துச்சு” என்றாள் என்னிடம். சாதாரணமாக, நாய் துரத்தியது என்று சொல்வது மாதிரி.

முசியே வெர்மெர்ஷ் வாசலில் எங்கள் நிறுவனத்தின் தலைமையகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தலைமையகம் முடிவு சொல்லும் வரை தூனியாவைக் குழந்தைகள் மன்றத்திலிருந்து எடுத்துச் சலவையறையில் போட்டிருக்கிறார்கள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா என்னை அனுப்பினாள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கக் கூடாதா.

விரிப்பு மடிக்கும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோக்கி நடக்க வேண்டும். விளிம்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். மறுபடியும் நெருங்க வேண்டும். நாற்பது விரிப்புகள். நாற்பது தடவை அவள் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்” என்றாள், பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ மடிக்கும்போது.

“ம்.”

“பக்கத்துல ஒரு நண்டு இருந்துச்சு. ஒரு கொடுக்கு பெருசு, ஒன்னு சின்னது.”

நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன்” என்றாள். “அவங்க சொல்றாங்க, உன்னைப் படிக்கத் தெரியாதவன்னு சொல்லிட்டுப் போகட்டும்டி, பிள்ளைங்களை முழுசாக் கொண்டுவந்தியே, அது போதும்னு. எனக்குப் போதாது.”

பிறகு மிச்ச விரிப்புகளையும் மடித்து அடுக்கினோம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

அப்பாவிடம் சொல்லலாம் என்று பட்டறைக்குப் போனேன். அவர் உடைந்த ஊஞ்சல் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணிகள். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மழை. பலகையில் மழை என்று எழுதினேன். அதைக்கூட இரண்டு தடவை வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

ஆகஸ்ட் 9, புதன்

நாளைக்குத் தலைமையகத்திலிருந்து ஒருவர் வருகிறார். பதினோரு மணிக்கு, சாப்பாட்டறையில். தூனியாவை அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அனுப்பினால் சான்றிதழ் கிடையாது.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? இதையும் எழுதித்தான் பார்க்க வேண்டும். பலகையை எனக்குக் கொடுக்க அனுமதித்தவள் அம்மா. மேலாளரின் பெண் தப்பாக எழுதினாள், மேலாளர் சரிபார்க்கவில்லை என்று ஆகும். அம்மாவின் வேலை போகலாம். நாங்கள் வரவேற்பறைக்கு மேலே இருக்கும் மாடியில் குடியிருக்கிறோம். வேலை போனால் வீடும் போகும். என் பள்ளி, அப்பாவின் பட்டறை, எல்லாம்.

சொல்லாவிட்டால்? தூனியா ரயிலேறிப் போய்விடுவாள். யாருக்கும் எதுவும் ஆகாது.

யாருக்கும் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூனியா யார் அப்போ?

எனக்குப் பயமா இருக்கு. தூக்கம் வரல.

ஆகஸ்ட் 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நானாகத் துணிந்து போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அம்மா என்னைக் காப்பிக் கூஜாவை எடுத்து வரச் சொன்னாள், எடுத்துப் போனேன்.

நீள மேசையின் ஒரு பக்கம் தலைமையகத்து ஆள், முசியே வெர்மெர்ஷ். மறுபக்கம் அம்மா, தூனியா. அந்த ஆள் கெட்டவர் இல்லை. குடையைக் காயவைக்க நாற்காலியில் தொங்கவிட்டு, அதிலிருந்து சொட்டுவதற்கு ஒரு தட்டுக்கூட வைத்திருந்தார்.

“மாத்மசெல், உங்க மேல யாருக்கும் கோபமில்ல” என்றார். “நேரத்தைத் தப்பாப் படிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா இதோட முடிச்சிக்கலாம். நீங்களும் நிம்மதியா ஊருக்குப் போகலாம்.”

“நான் தப்பாப் படிக்கல.”

“அப்ப பலகை பொய் சொல்லிச்சா?” இது முசியே வெர்மெர்ஷ்.

நான் கிண்ணங்களில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். தூனியா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

“சரி, எழுதறேன்” என்றாள். “எங்க எழுதணும்?”

அந்தக் குரல். சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துபோன குரல். அதைக் கேட்டதும் —

“அவ சரியாத்தான் படிச்சா.”

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பிப் பார்த்திருப்பேன். கூஜாவை மேசையில் வைத்தேன். வைத்த இடத்தில் கிண்ணம் இருந்தது, கவிழ்ந்து தாளெல்லாம் காப்பி.

“ஒன்னு நாப்பதுன்னு நான்தான் எழுதினேன். மருந்துக்கடைப் புஸ்தகத்துல ஏற்கெனவே கூட்டியிருந்தது தெரியாம நானும் கூட்டிட்டேன். அப்புறம் நான்தான் துடைச்சேன். அப்புறம் அம்மாகிட்டப் பொய் சொன்னேன்.” ஒரே மூச்சில் வந்துவிட்டது. மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்தினேன்.

தலைமையகத்து ஆள் நனைந்த தாள்களைத் தூக்கிப் பிடித்தார்.

அம்மா எழுந்து வெளியே போனாள். என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். மருந்துக்கடைப் புத்தகத்தோடு திரும்பி வந்தாள். ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்த அடிவரியைப் படித்தாள். புத்தகத்தை அந்த ஆளின் பக்கம் தள்ளினாள்.

“பதிமூனு வயசுப் பொண்ணுகிட்டக் கடலோட கடிகாரத்தைக் குடுத்துட்டு ஒரு நாள்கூட நான் எட்டிப் பாக்கல” என்றாள். “உங்க தாள்ல எழுத வேண்டிய பேரு என்னோடது, முசியே. எழுதிக்கங்க.”

தூனியா பேனாவை மூடினாள். எழுந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். “உன் மேசை மேல அந்தப் புஸ்தகம் திறந்தே கெடந்துச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா? மேலாளர் பொண்ணா, ரூபேயிலேருந்து வந்தவளா, யாரை நம்புவாங்க?”

மன்னித்துக்கொள் என்று சொன்னேன்.

“இன்னிக்கு மன்னிக்க மாட்டேன்” என்றாள். “இன்னிக்கு எனக்கு நேரமில்ல. அடுத்த வாரம் வேணா பாக்கலாம்.”

ஆகஸ்ட் 11, வெள்ளி

முடிவு: அம்மாவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. தூனியா குழந்தைகள் மன்றத்துக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய பயிற்சித் தாளில் தலைமையகத்து ஆளே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: நீர் ஏறும்போது பிள்ளைகளை நடத்திப் போகாமல் திருப்பியது சரியான முடிவு. அவள் அதைப் படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாளாம்.

அம்மா நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. இன்று துணி காயப்போடும் இடத்தில் பேசினாள். முதுகைக் காட்டிக்கொண்டு.

“தப்பா எழுதினதுக்கு எனக்குக் கோபமில்ல. பயந்ததுக்கும் இல்ல. எட்டு நாள், எனோரா. அவ துவைச்ச துணியைக்கூட நீ பக்கத்துலயே நின்னு மடிச்சிருக்க.”

நான் அழுதேன். அவள் ஒரு கவ்வியை என் கையில் கொடுத்து, “அந்தப் பக்கத்தைப் பிடி, குஞ்சு” என்றாள். குஞ்சு என்று கூப்பிட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் சொன்னார்: “பதினஞ்சு வயசுல நானும் அந்த ஒரு மணி நேரத்தை ரெண்டு தடவை கூட்டிட்டேன். எங்கப்பாவோட படகு மூணு மணி நேரம் சேத்துல கெடந்துச்சு.” பிறகு உப்பு கேட்டார். இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான்… தெரியவில்லை. ஒருவேளை அப்போதும் துடைத்துத்தான் இருப்பேன்.

மாலையில் நானாகவே பதினான்காம் எண்ணுக்குப் போனேன். இந்தத் தடவை யாரும் அனுப்பவில்லை. மதாம் வெர்மெர்ஷிடம் சொன்னேன். அவர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏழு வாரம் பாத்திரம் கழுவ முடியாது எனக்கு” என்றார். “இவர் கழுவறாரு. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. உள்ள வா.”

ஆகத் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“நீதான் கடலுக்கு நேரம் சொல்றியா?”

“கடலுக்கு யாரும் நேரம் சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்.”

அவள் யோசித்தாள். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள்.

“அப்ப கடல் என்னைத் தொரத்தலையா?”

“இல்ல. அது எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வந்துச்சு. நாமதான் அதோட பாதையில உக்காந்திருந்தோம்.”

“அப்பாவோட ரயில் வண்டி மாதிரியா?”

முசியே வெர்மெர்ஷ் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். கை முழுக்க நுரை. “ஆமா” என்றார் அங்கிருந்தே. “வண்டி மாதிரித்தான். அதுக்கு யார் மேலயும் கோபம் கெடையாது.”

இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆகத் கேட்டாள்: “வெந்நீர் இருக்கா?”

அவர் ஈரக் கையோடு ஓடி அகலமான பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து வந்தார். நான் தூக்கித் தூக்கி ஊற்றினேன். முதலில் ஒரு குதிகால். பிறகு இரண்டும். தண்ணீர் அவள் கணுக்கால் வரை வந்தது. “இதுக்கு மேல வராதுல்ல?” என்று கேட்டாள். வராது என்றோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

வெளியே வந்தபோது முசியே வெர்மெர்ஷும் கூட வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“எங்க சிக்னல் அறையில ஒரு உத்தரவை ஒருத்தன் மட்டும் படிக்கக் கூடாது. ஒருத்தன் சத்தமாப் படிப்பான், இன்னொருத்தன் அதைத் திருப்பிச் சொல்லுவான், அப்புறம்தான் கை நெம்புகோல் மேல போகும். ஏன் தெரியுமா? எங்கள்லயும் எவனோ ஒருத்தன் ஒரு நாள் தப்பாப் படிச்சிருக்கான்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்கம்மாகிட்டச் சொல்லு.”

ஆகஸ்ட் 12, சனி

மாற்று நாள். பதினான்காம் எண் காலி. கிளம்புமுன் முசியே வெர்மெர்ஷ் குழந்தைகள் மன்றத்துக்குப் போய்த் தூனியாவிடம் என்னவோ சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தேன்: அவர் தரையைப் பார்த்துப் பேசினார், அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில் கை குலுக்கினார்கள். பிறகு வரவேற்பறைக்கு வந்து அடுத்த வருஷத்துக்கும் இதே வீட்டைக் கேட்டார். அம்மா எழுதிக்கொண்டாள். “இதே ரெண்டு வாரமா?” என்று கேட்டதற்கு, “பெரிய வற்று எந்த வாரமோ, அந்த வாரம்” என்றார்.

தலையணை உறைகள் ஒன்பது வீடு. கூடுதல் மூன்று என் தண்டனை. நியாயம்தான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

தூனியா இன்னும் அதிகம் பேசுவதில்லை. இன்று சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். சூப்புப் பாத்திரத்தின் அடியில் கரண்டி தட்டியது. சமையல்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே, “எங்க போச்சு?” என்றாள். அவர் முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என் தட்டிலும் அவள்தான் ஊற்றினாள். கொஞ்சம் குறைவாக. வேண்டுமென்றே என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நாளைக்கு வற்று. இந்த முறை சின்னதுதான்; தீவுக்குப் போக முடியாது, கடல்புல் வரைக்கும் போய்ச் சிப்பி பொறுக்கலாம். பதினேழு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தூனியா கூட்டிப் போகிறாள். அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா அவளை மூன்று மாலைகள் கரையில் நடத்திக் காட்டியிருக்கிறார், எந்த இடத்தில் நீர் முதலில் பின்னால் வந்து சூழும் என்று.

அம்மா புது விதி ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். ஒருவர் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அடிவரியையும் சேர்த்து. மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் பலகை. எழுதுவது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. ஒரு வாரமாக அப்பாதான் எழுதுகிறார், அதுவும் மறுபடி அவருடைய கோணல் எழுத்தில்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா மேசை துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு நேரத்தை நீ எழுது. படிக்கிறது யாருன்னு தூனியாவைக் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“வேற யாரையும் விட மாட்டாளாம். மேலாளர் பொண்ணை நம்பக் கூடாதுன்னா பக்கத்துலயே நின்னு பாக்கணுமாம்.” அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். “அது அவ பாஷையில என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்.”

தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இன்றிரவே பார்த்து வைத்துக்கொள்ளலாம், காலையில் அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போன வாரம் மாதிரி இல்லை. பரீட்சைக்கு முன்னால் இருக்குமே, அது மாதிரி. புத்தகத்தை நான் இன்னும் திறக்கவில்லை. தனியாகத் திறக்கப் போவதும் இல்லை. அவள் படிக்கட்டும், நான் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் அவள் திட்டட்டும், அதற்குப் பிறகு —

தூனியா கதவைத் தட்டுகிறாள். “திறடி, கடல் உனக்காகக் காத்திருக்காது!”